எட்டுப் போட்ட ஊர்

ஆனி பிறந்ததுமே கிளம்பிய காற்று தெருப்புழுதியை எல்லாம் வாரி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் விளக்கிவிட்டுக் காப்பிக்காக அடுப்படிக்கு வந்த கோமதிநாயகம், முற்றத்திலிருந்து நேரே வராமல், இடப்பக்கமாக வளைந்து தண்ணீர் அண்டாவைச் சுற்றி, நடுவுக்கு வந்து, வலப்பக்கமாக வளைந்து ஆட்டுரலைச் சுற்றி, மறுபடியும் நடுவுக்கு வந்து, அதற்குப் பிறகே இரண்டடி முன்னால் எடுத்துவைத்து, மீண்டும் இடப்பக்கமாக வளையத் தொடங்கியபோது, அவருடைய மனைவி செண்பகவல்லி ஆச்சரியப்படவில்லை. எரிச்சல்தான் பட்டாள், ஏனென்றால் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

“என்ன இது, காலங்காத்தால சப்பரமா?”

“தெரியல வல்லி. காலு அதும்போக்குல போவுது,” என்றபடி அவர் அவளைக் கடந்து போனார்.

“காலு போனா நீங்களும் கூடவே போவியளோ?”

இதற்குப் பதில் கேட்க, அவர் ஆட்டுரலைச் சுற்றித் திரும்பி வரும்வரை அவள் டம்ளரோடு நிற்க வேண்டியிருந்தது. “பின்ன அத விட்டுட்டு நான் மட்டும் எங்க போறது?” என்று நியாயமாகக் கேட்டார் அவர். டம்ளரை வாங்கியவர், நன்றி சொல்வதற்குள் அண்டாப் பக்கம் போய்விட்டார்.

மதியத்துக்குள் மஞ்சணத்திக்குளம் முழுவதும் அப்படித்தான் நடக்கிறது என்று தெரிந்துபோயிற்று. முழுவதும் என்றால், கிழவர்களையும் குழந்தைகளையும் வெளியூரிலிருந்து வந்து வாழ்க்கைப்பட்டவர்களையும் கழித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் வழக்கம்போல நேராக நடந்தார்கள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கர்வமாகவும் நடந்தார்கள். மற்றவர்கள் கடைக்குப் போனாலும், கிணற்றுக்குப் போனாலும், ஸ்கூட்டரில் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனாலும், ஓர் எட்டைப் போட்டு முடித்துக் கொஞ்சம் நகர்ந்து, அடுத்த எட்டைத் தொடங்கி, இப்படி எட்டு எட்டாக உருண்டு, போக வேண்டிய இடத்துக்கு ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஏன் அப்படி ஆயிற்று என்பதைப் பற்றி ஊரில் மூன்று கருத்துகள் இருந்தன. மூன்றும் டீக்கடையில் பிறந்து டீக்கடையிலேயே செத்துப்போனவை என்பதால் அவற்றை இங்கே சொல்லிப் பயனில்லை. ஆனால் எங்கிருந்து வந்தது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. எட்டுப் போட்டவர்கள் எல்லாரும் செண்பகவல்லியிடம் வண்டி கற்றவர்கள்.

வல்லி டிரைவிங் ஸ்கூல் என்பது வேறொன்றுமில்லை, தண்ணீர் வற்றி இறுகிப்போன குளத்துத் தரையில் சுண்ணாம்புப் பொடியால் வரைந்த ஒரே ஒரு எட்டுதான். லைசென்சுக்கு இன்ஸ்பெக்டர் எட்டுப் போடச் சொல்வார்; ஆகவே அவள் எட்டுப் போடச் சொல்லிக்கொடுத்தாள். தேர்வு மைதானத்து எட்டு என்ன அகலமோ அதே அகலம், என்ன வளைவோ அதே வளைவு. “கோட்டப் பாருங்க, கோட்ட மட்டும் பாருங்க” என்று அவள் காலையிலும் மாலையிலும் கத்திய கத்தலில் குளத்து நாரைகள் பக்கத்து ஊருக்குக் குடிபோயின. கண்ணை மூடிக்கொண்டு எட்டுப் போடும்வரை அவள் விடமாட்டாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போட வேண்டும். ரோட்டுக்கு மட்டும் அவள் யாரையும் கூட்டிப்போனதில்லை. ரோட்டில் நாய் வரும், லாரி வரும், வண்டியில் கீறல் விழும். தவிர, அதற்குத் தேவையும் இல்லை என்பது கணக்கில் பட்டம் வாங்கிய செண்பகவல்லியின் தத்துவம். எட்டுக்குள் இடப்பக்கத் திருப்பம் இருக்கிறது, வலப்பக்கத் திருப்பம் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் நேராக ஒரு கணமும் இருக்கிறது. மனிதனுக்கு இவற்றைத் தவிர நாலாவதாக ஒரு திசை கிடையாது. ஆகவே எட்டுத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும், மீதி தானாக வரும். வாய்ப்பாட்டை ஒப்பித்தவனுக்கு வியாபாரம் தானாக வரும் என்று நம்புகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு, அவர்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள், ஆகவே அவளை மட்டும் குறைசொல்ல முடியாது.

அவள் கால்கள் மட்டும் நேராக நடந்தன. அவள் வண்டி பழகியது அப்பாவின் டிராக்டரில், கரிசல் காட்டில், வரப்பிலும் ஓடையிலும் மாட்டுக் கூட்டத்துக்கு நடுவிலும். அவள் லைசென்ஸ் எடுக்கப் போன அன்று மைதானத்தில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்ததால் இன்ஸ்பெக்டர் ரோட்டிலேயே ஓட்டிக்காட்டச் சொல்லிவிட்டார். ஆக, ஊருக்கே எட்டுக் கற்றுக்கொடுத்தவள் வாழ்நாளில் ஓர் எட்டும் போட்டதில்லை. இதில் யோசிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று அவளுக்குத் தோன்றவில்லை. எல்லாரும் தன்னைப் போல் இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் வாரம் ஊர் கொஞ்சம் சிரமப்பட்டது. இரண்டாவது வாரத்தில் பழகிவிட்டது. மூன்றாவது வாரத்தில் அது இல்லாமல் எப்படி இருந்தோம் என்று கேட்கத் தொடங்கியது. எட்டின் நடுவில் இரண்டு வளையங்களும் வெட்டிக்கொள்கிற இடம் இருக்கிறதல்லவா, அந்த இடத்தை எல்லாரும் இரண்டு முறை கடந்தாக வேண்டும் என்பதைக் கண்டுபிடித்த டீக்கடைக்காரர் தன் பெஞ்சைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கே போட்டார், வியாபாரம் இரட்டித்தது. பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள், ஒரே தெருவில் எட்டுப் போட்டபடி ஒவ்வொரு வெட்டிலும் முகத்துக்கு முகம் பார்க்க நேர்ந்து, முதலில் முறைத்து, பிறகு இருமி, கடைசியில் “சாப்பிட்டாச்சா” என்று கேட்டுத் தொலைத்தார்கள். கோழி திருடியவனைத் துரத்திய போலீஸ்காரரும் திருடனும் செண்பகவல்லியிடம் ஒரே பேட்சில் கற்றவர்கள். இருவரும் கீழத்தெருவில் நாள் முழுக்க எட்டுப் போட்டு, நடுவில் சந்திக்கும்போதெல்லாம் “இந்தா வந்துட்டேன்லே”, “வாங்க ஐயா” என்று சொல்லிக்கொண்டதில், சாயங்காலம் கோழியே சலித்துப்போய்த் தன் வீட்டுக்கு நடந்து போய்விட்டது. அம்மன் சப்பரம் எட்டுப் போட்டுக்கொண்டு வந்தபோது, இதுவரை ஒரு பக்கத்து வீடுகளுக்கு மட்டும் முதுகைக் காட்டி வந்தவள் இப்போது எல்லா வீட்டு வாசலுக்கும் முகம் காட்டுகிறாள் என்று பெண்கள் குலவையிட்டார்கள். அவசரமாக ஏதாவது கொண்டுபோக வேண்டியிருந்தால், எழுபது தாண்டிய கிழவர்களை வாடகைக்குப் பிடித்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக மருமகள்கள் அவர்களுக்குக் கேட்காமலே இரண்டாவது இட்லி வைத்தார்கள்.

“டீச்சருக்கு ஒரு பாராட்டு விழா வைக்கணும்னு வார்டுல எல்லாரும் பிரியப்படுதாவ,” என்று சொல்ல வந்தார் கவுன்சிலர் தளவாய். அவரே பால் சங்கத் தலைவரும். அவரும் எட்டுதான் என்பதால், பாதிப் பேச்சை வாசல் வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து பேசினார்.

“எதுக்குப் பாராட்டு? நான் வண்டி ஓட்டச் சொல்லிக் குடுத்தேன். நீங்க ராட்டினம் சுத்துதிய.”

“ஊருக்கு ஒரு அடையாளம் வேண்டாமா டீச்சர்? கோவில்பட்டிக்குக் கடலைமிட்டாய். நமக்கு எட்டு.”

“போங்க அண்ணாச்சி. நேராப் போங்க.”

“அது முடிஞ்சா நான் எதுக்கு இம்புட்டு நேரம் இங்கன நிக்கேன்?” என்றார் தளவாய், வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டே.

இப்படி ஊரே எட்டைக் கட்டிக்கொண்டு சுகமாக இருந்தபோது, ஒருத்திக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை. அவள் பெயர் முப்பிடாதி. செண்பகவல்லியைவிட மூத்தவள், வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸ் மூடிப்போய், திருப்பூருக்குப் போன புருஷன் அங்கேயே தங்கிப்போய், பெரும்பாடுபட்டு மானியத்தில் ஒரு ஸ்கூட்டரும் பால் சங்கத்தில் ஒரு வேலையும் வாங்கியிருந்தாள். மேலக்கரட்டில் கறக்கிற பாலைக் கேனில் வாங்கி, ஸ்கூட்டரில் வைத்து, மெயின் ரோட்டில் பாலைக் குளிரவைக்கிற சில்லிங் சென்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் சேர்க்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவள் மேலக்கரட்டிலிருந்து எட்டுப் போட்டபடி புறப்பட்டு, உச்சிவெயிலில் சில்லிங் சென்டருக்கு வந்து சேர்ந்து, கேன் மூடியைத் திறந்தபோது, உள்ளே எலுமிச்சங்காய் அளவுக்கு வெண்ணெய் மிதந்தது. இடம் சுற்றி வலம் சுற்றி, வழியெல்லாம் ஸ்கூட்டர் பாலைக் கடைந்திருந்தது.

“முப்பிடாதி, சங்கத்துக்கு வேண்டியது பாலு. மோரு இல்ல,” என்றார் தளவாய்.

“நானா கடைஞ்சேன்? வண்டி கடைஞ்சுது.”

“யாரு கடைஞ்சா என்ன? ஆடி ஒண்ணாந்தேதி வரைக்கும் பாப்பேன். அன்னைக்கும் பாலு பாலா வரலன்னா வேலைய எம் மச்சினன்கிட்டக் குடுத்துருவேன். பெறவு எம்மேல வருத்தப்படப்பிடாது.”

மச்சினன் பக்கத்திலேயே சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு நின்றான். அவன் திருப்பூரில் வண்டி பழகியவன். ஸ்கேல் வைத்த மாதிரி நேராகப் போவான்.

அன்று சாயங்காலம் முப்பிடாதி ஸ்கூட்டரைக் கொண்டுவந்து செண்பகவல்லி வீட்டு வாசலில் நிறுத்தினாள். நிறுத்துவதற்கு முன் வேப்பமரத்தையும் அடிகுழாயையும் சுற்றி ஒரு முழு எட்டுப் போட்டாள்; குற்றம் சொல்ல முடியாத எட்டு. அதைப் பார்க்கையில் செண்பகவல்லிக்கு எரிச்சலுக்கு நடுவிலும் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

“டீச்சர், நீங்க குடுத்தத நீங்களே திருப்பி எடுத்துக்கிடுங்க,” என்றாள் முப்பிடாதி.

“யக்கா, நான் குடுத்தது தப்பா?”

“தப்புன்னு யாரு சொன்னா? கூடிப்போச்சுன்னு சொல்லுதேன். உங்களுக்குச் சப்பரம் சுத்தினாலும் சரி, சும்மா இருந்தாலும் சரி. நான் பாலைப் பாலாக் கொண்டு சேக்கணும். இந்த வேல போச்சுன்னா, இந்த வயசுல எனக்கு எவன் வேல தருவான்?”

செண்பகவல்லி அன்றைக்கே சுண்ணாம்பு மூட்டையை எடுத்தாள். எட்டைக் கற்றவளுக்கு நேர்கோடு எம்மாத்திரம்? சில்லிங் சென்டர் ரோட்டில் ஒரு நேர்கோடு போட்டாள். முப்பிடாதி கோட்டைப் பார்த்தபடி அம்பு மாதிரி போனாள். மூட்டை தீர்ந்து கோடு நின்ற இடத்தில், மைல்கல்லுக்குப் பக்கத்தில், கோடு நின்ற அந்த நூலிழையிலேயே இடப்பக்கம் வளைந்து எட்டைத் தொடங்கினாள். சரி என்று இன்னும் பல மூட்டை வாங்கி, மேலக்கரட்டிலிருந்து சில்லிங் சென்டர்வரை ரோடு முழுக்கக் கோடு போட்டாள் செண்பகவல்லி, முதுகு விட்டுப்போயிற்று. மறுநாள் காலையில் கோட்டின்மேல் ஒரு வைக்கோல் லாரி நின்றது. டிரைவர் இறங்கிப் பல் விளக்கி, சாப்பிட்டு, லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கி எழுந்து லாரியை எடுக்கும்வரை, முப்பிடாதி அதன் பின்னாலேயே காலூன்றி நின்றாள். பால் திரிந்துபோயிற்று.

“லாரிய ஒதுங்கிச் சுத்திப் போக வேண்டியதானக்கா!”

“சுத்துனா அங்கன கோடு இல்லியே டீச்சர்.”

“கோடு இல்லன்னா?”

“நீங்கதான சொன்னிய, கோட்ட மட்டும் பாருங்கன்னு. நான் வேற எதையும் பாக்கவே இல்ல.”

செண்பகவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்து, கோட்டை விட்டுவிட்டு, தானே ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். “நேரா. நேரா. ஹேண்டில வளைக்காதிய. குழி, கொஞ்சம் வலது. போதும், நேரா.” இது வேலை செய்தது. அற்புதமாக வேலை செய்தது. அவள் சொல்லச் சொல்ல முப்பிடாதி சொன்ன திசையில் போனாள், குழியில் விழாமல் போனாள், லாரியை ஒதுங்கிப் போனாள். செண்பகவல்லி எச்சில் விழுங்குவதற்காக வாயை மூடினாள். ஸ்கூட்டர் இடப்பக்கம் வளைந்தது. பேசினாள், நேரானது. தும்மினாள், அரை எட்டு. இப்படிப் போக வர எல்லாம் வாயை மூடாமல் சொல்லிச் சொல்லி, ஒரு வாரத்துக்குள் அவளுக்குத் தொண்டை கட்டி, குரல் அறவே போயிற்று. குரல் போன காலையில் முப்பிடாதி புறப்பட்ட இடத்தைவிட்டு நகரவே இல்லை. மேலக்கரட்டு மந்தையில் எட்டுப் போட்டபடி, “என்ன டீச்சர், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிய?” என்று திரும்பித் திரும்பிக் கேட்டாள். பின்னால் உட்கார்ந்திருந்தவள், ‘நேரா’ என்று சொன்னது வண்டிச் சத்தத்தில் முன்னால் கேட்காமல் போக, காற்றாக வந்த குரலில் உலகத்திலுள்ள கெட்ட வார்த்தைகளை எல்லாம் சொல்லிப்பார்த்தாள். அவற்றில் திசை ஏதும் இல்லாததால் ஸ்கூட்டர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை.

வீட்டில் கோமதிநாயகம் அண்டாவைச் சுற்றியபடி ஆறுதல் சொன்னார். “விட்டுத்தள்ளு வல்லி. எல்லாருந்தான் எட்டுப் போடுதோம். நாங்க என்ன செத்தா போயிட்டோம்?” ஆட்டுரலைச் சுற்றி வந்து, “அவளுக்கு மட்டும் என்ன அவசரம்?” என்றார். பேச முடியாத செண்பகவல்லி ஒரு ஈயக்கரண்டியை அவர்மேல் எறிந்தாள். அவர் எங்கே இருப்பார் என்பது எப்போதும் தெரிந்திருந்ததால் அது தவறாமல் பட்டது.

மறுநாள் வியாழக்கிழமை, சந்தை நாள். தொண்டைக்குச் சித்தரத்தையும் அதிமதுரமும் வாங்கலாம் என்று போனவள், கருவாட்டுக் கடைக்கும் வெங்காயக் குவியலுக்கும் நடுவிலிருந்த சந்தில் முப்பிடாதி கூடையோடு வருவதைப் பார்த்தாள். ஒரு ஆட்டுக்குட்டியைத் தாண்டி, வாழைக்குலை சுமந்தவனுக்கு முதுகைச் சாய்த்துக் கொடுத்து, “ஏ நகரும்வே, வழியிலயா குத்தவைக்கது” என்று ஒருவரை அதட்டி, வந்துகொண்டே இருந்தாள். எட்டு இல்லை. செண்பகவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். யாருமே எட்டுப் போடவில்லை. தளவாய் கத்தரிக்காய் பொறுக்கிவிட்டு மனிதர்போல நடந்து போனார். ஊரே சந்தைக்குள் மனிதர்போல நடந்து, சந்தை வாசலைத் தாண்டியதும் எட்டைத் தொடங்கிற்று. இத்தனை வாரமாக இதை ஒருவரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் சந்தையில் யார் யாருடைய காலைப் பார்க்கிறார்கள்?

இடமில்லாத இடத்தில் எட்டுப் போட முடியாது என்பது ஒன்று. எந்தக் கோடும் இல்லாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒவ்வொரு அடிக்கும் வேறொன்று குறுக்கே வர, பிறந்ததிலிருந்து நடந்து நடந்து பழகிய இடம் இது என்பது இன்னொன்று. கால் இங்கே நடந்திருக்கிறது. சக்கரம் இங்கே வந்ததில்லை. செண்பகவல்லிக்கு இது விளங்கியபோது சந்தோஷம் வரவில்லை. சுண்ணாம்பு மூட்டைகள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன, வயிற்றெரிச்சலாக இருந்தது. முப்பிடாதியின் கையைப் பிடித்து வெளியே இழுத்து, ஸ்கூட்டரைக் காட்டி, சந்தையைக் காட்டினாள்.

“உள்ளயா?” முப்பிடாதி வாயைப் பிளந்தாள். “இதயா? கீறல் விழும் டீச்சர்.”

“விழட்டும்,” என்றாள் செண்பகவல்லி, காற்றுக் குரலில்.

அந்த வியாழக்கிழமையை மஞ்சணத்திக்குளத்துச் சந்தை மறக்கவில்லை. முன்னால் முப்பிடாதி, பின்னால் பேச்சற்ற டீச்சர், ஸ்கூட்டர் வெங்காயத்துக்கும் கருவாட்டுக்கும் நடுவில் நுழைந்தது. “ஏளா, கண்ணு என்ன பின்னால பொடதியிலயா இருக்கு?” “எந் தக்காளி, எந் தக்காளி!” “டீச்சர், இவளுக்குத்தான் புத்தி இல்ல, படிச்ச உங்களுக்குமா?” “சவத்து மூதி, ஆட்டுமேல ஏத்தாத!” ஆடு தப்பித்தது, ஒரு தக்காளிக் குவியல் தப்பிக்கவில்லை. முப்பிடாதி இடப்பக்கம் வளையப் பார்க்கும்போது அங்கே பானைக்கடை இருந்தது, வலப்பக்கம் வளையப் பார்க்கும்போது அங்கே பானை வாங்க வந்தவள் இருந்தாள், நேரே போகலாம் என்றால் ஒரு தள்ளுவண்டி வந்தது. “சொல்லுங்க டீச்சர், எந்தப் பக்கம்? சொல்லுங்களேன்!” என்று அவள் அலற, டீச்சரிடமிருந்து காற்றுதான் வந்தது. வேறு வழியில்லாமல் அவளே போனாள்.

சந்தையின் மறுகோடியில் வெளியே வந்ததும் அகலமான ரோட்டைப் பார்த்த ஸ்கூட்டர் பழையபடி எட்டைத் தொடங்கிற்று. முப்பிடாதி அழுதேவிட்டாள். ஆனால் பின்னால் இருந்தவள் அவள் தோளை இறுகப் பிடித்தாள், ஏனென்றால் அந்த எட்டு ஒழுங்காக இல்லை. ஒரு வளையம் சிறுத்து, இன்னொன்று பூசணிக்காய் போலப் பெருத்து, நடுவெட்டு எங்கோ தள்ளிப்போயிருந்தது. வாழ்நாள் முழுவதும் ஒழுங்கான எட்டுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவள், அவலட்சணமான அந்த எட்டைப் பார்த்து முதுகில் ஓங்கித் தட்டிக்கொடுத்தாள்.

அதன் பிறகு எங்கெல்லாம் கூட்டிப்போகக் கூடாதோ அங்கெல்லாம் கூட்டிப்போனாள். பள்ளிக்கூடம் விடுகிற மணிக்கு அதன் வாசலுக்கு. எருமைகள் குளித்துவிட்டுத் திரும்புகிற தெருவுக்கு. உளுந்து காயப்போட்ட ரோட்டுக்கு. ஒரு கல்யாண வீட்டுப் பந்தலுக்குள்ளும். ஒரே இடத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறை போகமாட்டாள். முப்பிடாதிக்கு ஓரிடம் பிடிபடுகிற மாதிரி இருந்தால் உடனே வேறிடம். நாளுக்கு நாள் எட்டு கெட்டது. வெண்டைக்காயாக நீண்டது, ஜிலேபியாகச் சிக்கியது, ஒருநாள் பாதியில் நின்றது. ஸ்கூட்டரில் கீறல் இல்லாத இடமில்லை. ஊருக்கு இது பிடிக்கவில்லை. “நல்லா எட்டுப் போட்டுக்கிட்டிருந்தவளக் கெடுத்துட்டாவளே,” என்று டீக்கடைக்காரர் வருத்தப்பட்டார். அவர் இருந்த இடத்தை முப்பிடாதி இப்போது ஒருமுறைதான் கடந்தாள், சில நாள் கடக்கவே இல்லை. பாராட்டு விழாவைத் தள்ளிவைத்திருப்பதாகத் தளவாய் சொல்லியனுப்பினார்.

ஆடி முதல் தேதி காலையில் முப்பிடாதி மேலக்கரட்டில் கேனைக் கட்டினாள். பின்னால் செண்பகவல்லி ஏறிக்கொண்டாள். குரல் பாதி திரும்பியிருந்தது, அதை எப்போது பயன்படுத்தலாம் என்று நாக்கு துடித்துக்கொண்டிருந்தது. மந்தையைத் தாண்டியதும் ஸ்கூட்டர் ஒருமுறை இடப்பக்கம் சாய்ந்தது. சொல்லலாமா என்று அவள் வாயைத் திறப்பதற்குள் அது தானாகவே நிமிர்ந்து, ஒரு குழியை ஒதுங்கி, கன்றுக்குட்டி ஒன்றுக்கு நின்று கொடுத்து, ரோடு வளைந்த இடத்தில் வளைந்து, வளையாத இடத்தில் வளையாமல் போயிற்று. ரோட்டில் பாதி தூரம் போனதும் முப்பிடாதி ஓரமாக நிறுத்தினாள்.

“என்னக்கா?”

“டீச்சர், இறங்குங்க.”

“எதுக்கு?”

“நீங்க இருக்கது பாரமா இருக்கு. கேனு ஒரு பக்கம் இழுக்கு, நீங்க ஒரு பக்கம் இழுக்கிய. நான் ஒரு வளைவுக்குச் சாய்ஞ்சா நீங்க முந்தியே சாயுதிய. வெயில் ஏறுது.”

“நடு ரோட்டுல இறக்கிவிட்டா நான் எப்படி வீட்டுக்குப் போறது?”

“நேரா நடங்க. உங்களுக்குத்தான் வருமே,” என்றாள் முப்பிடாதி, கேலியாகச் சொன்ன மாதிரியும் தெரியவில்லை. டீச்சர் இறங்கிய மறுகணம் ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் டீச்சரும் சொல்லிக்கொடுத்திருந்தாள் என்றாலும், அதற்காக இப்படியா என்றிருந்தது.

செண்பகவல்லி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. செருப்பு வார் அறுந்துபோக, அதைக் கையில் எடுத்துக்கொண்டு, கொதிக்கிற தாரில் நடுவாகவும் முள்ளில் ஓரமாகவும் மாறி மாறி நடந்து, எதிரே பால் சிந்திக் கிடக்கிறதா என்று ரோட்டையும், ஸ்கூட்டர் விழுந்து கிடக்கிறதா என்று பள்ளத்தையும் பார்த்து, முப்பிடாதியையும் தளவாயையும் தன் புருஷனையும் எட்டு என்ற எண்ணைக் கண்டுபிடித்தவனையும் முறைவைத்துத் திட்டி, வியர்த்து வழிய சில்லிங் சென்டருக்குப் போய்ச் சேர்ந்தாள். வாசலில் தளவாயும் மச்சினனும் நின்றார்கள். மச்சினன் சாவியைச் சட்டைப் பையில் போட்டிருந்தான். உள்ளே காலிக் கேன் கவிழ்த்து வைத்திருந்தது. அடியில் நீலம் பாய்ந்த வெள்ளையில் ஒரு துளி, பால்தான்.

“வந்துட்டா?” என்றாள்.

“எப்பமோ வந்துட்டு டீச்சர்,” என்றார் தளவாய், சுரத்தில்லாமல். “பாலு பாலாவே வந்துட்டு. அந்தம்மா ரெண்டாவது நடைக்கும் கெளம்பிட்டாவ.”

“நான் வார வழியில காணலியே?”

“உங்க வழியில எப்படிக் காண்பிய? ரெண்டாவது கேனு, இன்னையிலேருந்து புதுசா, தெக்குப்பட்டியில எடுக்கணும். பாலத்துல கல்லக் கொட்டி வச்சிருக்கான், ரோடு அடைச்சுக் கெடக்கு. ஓடைக்கரை வழியா போறேன்னுட்டுப் போயிட்டாவ.”

“ஓடைக்கரையா?” செண்பகவல்லி கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டாள். “ஒரு பக்கம் உடமுள்ளு, ஒரு பக்கம் பள்ளம். ஆளு நடக்கதே கஷ்டம். அதுல வண்டியிலயா?”

“போயித் திரும்பிக்கிட்டு இருக்காவ. அங்க பாருங்க.”

ஓடைக்கரையின் மேல் தூரத்தில் ஒரு புழுதி எழும்பி, முள்ளுக்கு ஒதுங்கி, பள்ளத்துக்கு ஒதுங்கி, ஓரிடத்தில் எதற்கோ நின்று, மறுபடி வந்துகொண்டிருந்தது.

“அந்த வழிய நான் அவளுக்குச் சொல்லியே குடுக்கலியே!” என்று, யார்மேல் என்று தெரியாத கோபத்தில், திரும்பி வந்த குரல் மொத்தத்தையும் கூட்டிக் கத்தினாள் செண்பகவல்லி.